நாலு ட்ராக் டேப்புல சத்தம் பழுதா? எந்தக் கோளாறுக்கு எங்க கை வைக்கிற

தை பிறந்து மழை விட்டு வெயில் காய ஆரம்பிச்சா சனம் அலுமாரி ஒதுக்கத் தொடங்கும், அப்பதான் எனக்குக் கசட்டுப் பெட்டி வந்து சேருற. போன தரம் களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு மாமா பிஸ்கட் டின் ஒண்டு நிறையக் கொண்டு வந்தார். "தம்பி, இதுக்குள்ள விடிய விடிய ஆடின கூத்துக் கிடக்கு, வீட்டு டெக்குல போட்டா பேய் கதைக்கிற மாதிரி இரிக்கு, டேப் பழுதாப் போயிற்றுப் போல" எண்டார். டேப்புக்கு ஒண்டுமே இல்ல. அது நாலு ட்ராக் மெசினுல, எண்டா நாலு சத்தத்த ஒரே டேப்புல தனித்தனி வரியா எழுதுற மெசினுல, அடிச்ச (ரெக்கோர்ட் பண்ணின) கசட், வீட்டு டெக்குக்கு அது விளங்காது, அவ்வளவுதான்.

வாற ஆக்கள்ல முக்கால்வாசிப் பேர் மெசினக் கழட்டிப் பாத்திற்றுத்தான் வருவாங்க, ஹெட் போயிற்று, ஐசி போயிற்று, கெப்பாசிட்டர் மாத்தணும் எண்டு. நான் மெசினத் தொட முந்திக் கேக்கிறது ரெண்டே ரெண்டு கேள்வி: இந்த டேப்புல ஒரு ட்ராக்குக்கு எத்தின மில்லிமீட்டர் கிடைச்சிரிக்கு, செக்கனுக்கு எத்தின சென்ரிமீட்டர் ஓடியிரிக்கு. இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா பாதிக் கோளாறு தானா வெளிய வந்திரும்.

வயல் மாதிரி நினைச்சுக்கொள்ளுங்க. கசட் டேப்புட முழு அகலம் 3.81 மி.மீ. அதுக்குள்ள நாலு வயல், அதான் ட்ராக், ஒவ்வொண்டும் 0.6 மி.மீ. அளவு. 1க்கும் 2க்கும் இடையில வரம்பு 0.3 மி.மீ., 3க்கும் 4க்கும் இடையிலயும் அதேதான், நடுவுல 2க்கும் 3க்கும் இடையில இரிக்கிற வரம்பு மட்டும் கொஞ்சம் பெரிசு, 0.66 மி.மீ. சாதாரண ஸ்டீரியோ கசட்டுல 1ம் 2ம் ஏ பக்கம், 3ம் 4ம் பி பக்கம், கசட்டப் பிரட்டிப் போடுறதால பி பக்கம் எதிர்த்திசையில ஓடும். 1979ல டீயாக் கொம்பனி இறக்கின போர்ட்டாஸ்டூடியோ 144 இந்த நாலு வயலையும் ஒரே திசையில விதைக்கிற மெசின், ஸ்பீட்டையும் செக்கனுக்கு 4.76 சென்ரிமீட்டர்ல இருந்து 9.5க்கு ஏத்திவிட்டாங்க. மறுகா வந்த பொஸ்டெக்ஸ் எக்ஸ்-15 மாதிரி மெசினுகள் சில பழைய 4.76லயே ஓடும். கால் இஞ்சி ஸ்பூல் (பெரிய சக்கரத்துல சுத்தின) டேப்புல ரெண்டு ட்ராக் எண்டா ஒவ்வொண்டுக்கும் 2 மி.மீ. அளவு கிடைக்கும். அதே கால் இஞ்சியில எட்டு ட்ராக் அடிக்கிற மெசினும் இரிக்கு, அதுல வரம்போட சேத்துக் கணக்குப் பாத்தாலும் ஒரு ட்ராக்குக்கு 0.8 மி.மீ. வராது. பெரிய ஸ்டூடியோவுல ஓடுற 2 இஞ்சி டேப்புல 16 ட்ராக் எண்டா 1.8 மி.மீ., 24 ட்ராக் எண்டா 1.1 மி.மீ. கிட்ட. எங்கட கசட்டு 0.6ஓட ஒப்பிட்டா அதெல்லாம் போடியார் வயல்.

சரி, இனி ஒவ்வொரு முறைப்பாடா வருவம்.

"பேய் கதைக்கிற மாதிரி இரிக்கு"

நாலு ட்ராக் கசட்ட வீட்டு டெக்குல ஏ பக்கம் போட்டா 1ம் 2ம் ட்ராக் முன்னுக்கு ஓடும், பி பக்கம் போட்டா 3ம் 4ம் பின்னால இருந்து முன்னுக்கு, தலைகீழா வரும். 9.5ல அடிச்ச டேப் எண்டா இதோட எல்லாம் அரைவாசி ஸ்பீட்டுல ஒரு ஒக்டேவ் கீழ இறங்கி உறுமும். மாமா சொன்ன பேய் இதுதான்.

சரியான மெசின் கிடைச்சா ஒரு பிரச்சினையும் இல்ல, போட்டா முடிஞ்சு. கிடைக்கல்லயா, நல்ல ஸ்டீரியோ டெக் ஒண்டுல ஏ பக்கத்த ஓட விட்டுக் கொம்பியூட்டருக்குள்ள எடுங்க, 96 கிலோஹேர்ட்ஸ் 24 பிட், டொல்பி எண்ட இரைச்சல் குறைக்கிற சுவிட்ச் ஓஃப். அத ரெண்டு மடங்கு வேகமாக்குங்க. பி பக்கத்த எடுத்து முன்பின்னாப் பிரட்டி அதையும் ரெண்டு மடங்காக்குங்க. மறுகா ரெண்டு சோடியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பொருத்தணும், இதுதான் சீவன் போற வேலை, ஏனெண்டா ரெண்டு தரமும் மோட்டர் ஒரே மாதிரி ஓடாது, பத்து நிமிசம் போறதுக்குள்ள மத்தளம் ஒரு இடத்திலயும் தாளம் ஒரு இடத்திலயும் நிக்கும். துண்டு துண்டா வெட்டி இழுத்துத்தான் பொருத்த ஏலும். ட்ரெபிளும் பேஸும் கொஞ்சம் கோணலா வரும், அதையும் கையால சரிக்கட்டணும். டிபிஎக்ஸ் (அதுவும் இரைச்சல் குறைக்கிற ஒரு முறைதான்) போட்டு அடிச்ச டேப் எண்டா, ஸ்பீட்டச் சரியாக்கின பிறகுதான் டிகோட் பண்ணணும், முந்திப் பண்ணினா குழம்பிரும்.

ஸ்பூல் டேப்புலயும் இந்தப் பேய் வரும், வேற மாதிரி. வீட்டு ஸ்பூல் மெசின் அநேகமா கால் ட்ராக், ரெண்டு பக்கமும் பாவிக்கிற. அதுல 1ம் 3ம் ஒரு பக்கம், 2ம் 4ம் மற்றப் பக்கம், கசட் மாதிரிப் பக்கத்துல பக்கத்துல இல்ல. இந்த டேப்ப அரை ட்ராக் ஹெட் உள்ள மெசினுல போட்டா அகலமான ஹெட் பக்கத்து ட்ராக்கையும் சேத்து வாசிக்கும், பாட்டுக்குப் பின்னால யாரோ தலைகீழாக் கதைப்பாங்க. மற்றப் பக்கமா நடந்தா பயமில்ல, அகலமான ட்ராக்க ஒடுக்கமான ஹெட்டால வாசிச்சா ஹிஸ், அந்த சர்ர்ர் எண்ட இரைச்சல், கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

"சத்தம் கம்மிப் போயிற்று, போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி"

இதுதான் ஆகக் கூடுதலா வாற முறைப்பாடு, இதுக்குத்தான் ஆக்கள் ஆகக் கூடுதலாப் பிழையான வேலை செய்யிற. ட்ரெபிளக் கூட்டாதீங்க. ஈகியூவத் தொடாதீங்க. முதல்ல காரணத்தக் கண்டுபிடிங்க.

நாலு ட்ராக்கும் கம்மலா, ஒண்டு மட்டும் கம்மலா எண்டு பாருங்க. ஒண்டு மட்டும் எண்டா, அதுவும் 1 அல்லது 4 எண்டா, ஊத்தை அல்லது டேப்புட ஓரம் பழுது. நாலும் எண்டா ஊத்தை, அசிமத் (ஹெட்டுட சாய்வு), ஸ்பீட், டேப் வகை, இந்த ஒழுங்குல தேடுங்க.

ஊத்தை எண்டா என்ன பெரிய விசயமா எண்டு கேப்பீங்க. டேப்புல எழுதின ஒவ்வொரு அலைக்கும் ஒரு நீளம் இரிக்கு, ஸ்பீட்ட ஃபிரீகுவன்சியால பிரிச்சாக் கிடைக்கும். 4.76ல ஓடுற கசட்டுல 10 கிலோஹேர்ட்ஸ் அலைட நீளம் 4.76 மைக்ரோன், ஒரு மில்லிமீட்டர ஆயிரமாப் பிரிச்சா அதுல அஞ்சு துண்டுகூட இல்ல. ஹெட்டுக்கும் டேப்புக்கும் இடையில இடைவெளி விழுந்தா எவ்வளவு குறையும் எண்டதுக்கு ஒரு கணக்கு இரிக்கு: இடைவெளிய அலை நீளத்தால பிரிச்சு 54.6ஆல பெருக்கினா டெசிபெல் வரும். ஒரே ஒரு மைக்ரோன் ஊத்தை படிஞ்சா 10 கிலோஹேர்ட்ஸ்ல 11 டெசிபெல்லுக்கு மேல போயிற்று. அதே ஊத்தை 9.5ல ஓடுற மெசினுல 6 டெசிபெல்லுக்குக் கிட்ட, 38ல ஓடுற பெரிய ஸ்பூல் மெசினுல ஒண்டரை டெசிபெல்கூட இல்ல. அதனாலதான் ஸ்டூடியோக்காரன் கவலையில்லாமத் திரியிறான், நாங்க கொட்டன் பட்டோட திரியிறம்.

துடைக்கிறதுக்குத் தண்ணி கலந்த ஸ்பிரிட் வேணாம், 99 வீத ஐசோபுரொப்பைல் கேட்டு வாங்குங்க. ஹெட், டேப்ப இழுக்கிற கெப்ஸ்டன் கம்பி, டேப் உரசுற எல்லா இரும்பும், பட் வெள்ளையா வரும் வரைக்கும். ரப்பர் ரோலருக்கு அது வேணாம், ரப்பர் காஞ்சு வெடிக்கும், சவர்க்காரத் தண்ணி தொட்ட துணி காணும், மறுகா நல்லாக் காய விடுங்க.

துடைச்சும் கம்மலா இரிந்தா அசிமத். ஹெட்டுல இரிக்கிற மெல்லிசான இடைவெளி டேப் ஓடுற திசைக்கு நேர் செங்குத்தா நிக்கணும், சாய்ஞ்சா ட்ராக்குட மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் வேற வேற நேரத்த வாசிக்கும், ஒண்ட ஒண்டு அழிச்சுப் போடும். ட்ராக் அகலம் இதுல நேர தலையிடுது: 4.76 ஸ்பீட்டுல 0.6 மி.மீ. ட்ராக்குக்கு 0.45 பாகை சாய்ஞ்சா 10 கிலோஹேர்ட்ஸ் முழுசாச் செத்துப்போகும், அதுல பாதி சாய்ஞ்சா 4 டெசிபெல் குறையும். 1.5 மி.மீ. உள்ள மோனோ ட்ராக் எண்டா 0.18 பாகையே காணும் சாகிறதுக்கு. அகலம் கூடினா ஹிஸ் குறையும், ஆனா சாய்வத் தாங்காது, ஒடுக்கமானது ஹிஸ் கூட எண்டாலும் சாய்வக் கொஞ்சம் பொறுக்கும். அகலமெண்டா எல்லாம் நல்லது எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இதச் சொன்னா நம்ப மாட்டாங்க.

திருத்துறது எப்பிடி? கூத்து டேப் எண்டா சல்லரி, அதான் கைத்தாளம், அடிக்கிற இடத்துக்குப் போங்க. சல்லரியப் போல நல்ல கருவி கிடையாது, முழுக்க மேல் ஃபிரீகுவன்சிதான். ஹெட்டுக்குப் பக்கத்துல ஸ்பிரிங் போட்ட சின்ன ஸ்குரூ இரிக்கும், அத முதல்ல பேனாவால அடையாளம் போடுங்க, எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினீங்க எண்டு எழுதுங்க. மறுகா கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி சல்லரி ஆகக் கூடுதலாப் பளிச்செண்டு கேக்கிற இடத்துல நிப்பாட்டுங்க. வேலை முடிய பழைய இடத்துக்கே கொண்டு வந்து விடுங்க. ஒவ்வொரு டேப்புக்கும் சாய்வு வேற, ஏனெண்டா ஒவ்வொண்டையும் அடிச்ச மெசின் வேற. உங்கட மெசினுல அடிச்சது உங்கட மெசினுலயே கம்மலா இரிக்கு எண்டா அசிமத் அநேகமா இல்ல, ஸ்குரூவத் தொடாதீங்க, நான் ஒருக்கா ஒரு கடைக்காரர் எல்லா ஸ்குரூவையும் இறுக்கிக் குடுத்த மெசினத் திருப்பி நேராக்க ரெண்டு கிழமை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

டேப் வகை: நாலு ட்ராக் மெசின் அநேகமா குரோம் எண்டு சொல்ற டைப் 2க்குத்தான் செட் பண்ணி வாற. சாதாரண டைப் 1ல அடிச்சா பயஸ் (அடிக்கும்போது பாட்டோட சேத்து ஹெட்டுக்குப் போற மேல் ஃபிரீகுவன்சிக் கரண்ட்) கூடிப்போய் அடிக்கும்போதே ட்ரெபிள் செத்துரும். அதுக்கு இனி மருந்தில்ல.

"சர்ர்ர் எண்டு மழை பெய்யிற மாதிரி"

ஹிஸ். இதுல ட்ராக் அகலம் நேரடியா வேலை செய்யுது. அகலத்தப் பாதியாக்கினா பாட்டு 6 டெசிபெல் குறையும், ஹிஸ் 3தான் குறையும், ஆக மொத்தம் 3 டெசிபெல் நட்டம். ஏன் இப்பிடி எண்டா, பிற்பாட்டுக்காரர் பத்துப் பேர் ஒரே சுரத்துல ஒண்டாப் பாடினா சத்தம் எக்கச்சக்கமாக் கூடும், சந்தைக்குள்ள பத்துப் பேர் பத்துக் கதை கதைச்சா இரைச்சல் அந்தளவுக்குக் கூடாது. ட்ராக் முழுக்கப் பாட்டு ஒரே மாதிரி எழுதியிரிக்கும், ஹிஸ் சந்தை மாதிரி ஒவ்வொரு துகளும் தன்ட பாட்டுக்குக் கத்தும். 2 மி.மீ. ஸ்பூல் ட்ராக்கையும் 0.6 கசட் ட்ராக்கையும் வெச்சிப் பாத்தா அகலத்தால மட்டும் 5 டெசிபெல் அடி, ஸ்பீட் குறைஞ்சதுக்கு அடி வேற.

முதல்ல பாருங்க ஹிஸ் அடிக்கும்போதே வந்ததா, இப்ப வருதா எண்டு. டேப்ப நிப்பாட்டிற்று வொலியூமக் கூட்டுங்க, அப்பவும் சர்ர்ர் எண்டா அது டேப் இல்ல, மெசினுட அம்ப்ளிஃபயர். நிப்பாட்டினா போயிற்று எண்டா டேப்புல இரிக்கு. டேப்புட தொடக்கத்துல ஒண்டுமே அடிக்காத இடத்திலயும், வெறுமனே ரெக்கோர்ட் போட்ட இடத்திலயும் கேட்டுப் பாருங்க, ரெண்டாவதுல ஹிஸ் சரியான கூட எண்டா ஹெட் காந்தமாகிக் கிடக்கலாம். டிமெக்னடைசர் இரிந்தா மெசின ஓஃப் பண்ணிற்று, அதத் தூரத்துல வெச்சி ஓன் பண்ணி, கிட்டக் கொண்டு போய் மெதுவா, சரியான மெதுவா, ஒரு மீட்டர் அளவு பின்னுக்கு எடுத்துத்தான் ஓஃப் பண்ணணும். கிட்ட வெச்சி ஓஃப் பண்ணினா இருந்ததவிட மோசமாகும்.

மிக்ஸ் பண்ணுற நேரம் பாடாத ட்ராக்கெல்லாத்தையும் இறக்கி வைங்க. நாலு ட்ராக்குட ஹிஸ்ஸும் சேந்தா ஒரு ட்ராக்கவிட 6 டெசிபெல் கூட. இது காசு செலவில்லாத வைத்தியம், ஒராளும் செய்யிறதில்ல.

லெவல் குறைவா அடிச்சதுக்கு ஒண்டும் செய்ய ஏலாது. ஒருக்கா மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில பூரணைக்குத் தோணியில போய்ப் பாடும் மீனப் பிடிச்சது எண்டு ஒரு கசட் வந்திச்சு, அரை மணித்தியாலம் கேட்டன், மீனும் பாடல்ல தோணியும் பாடல்ல, முழுக்க ஹிஸ். மீன் பாடித்தான் இரிக்கும், ஆனா மீட்டர் அசையாத அளவுக்கு மெல்லமா அடிச்சிரிக்காங்க, 0.6 மி.மீ.க்குள்ள அது தாண்டு போயிற்று.

"அண்ணாவியார்ட குரலுக்குள்ள மத்தளம் கேக்குது"

முதல்ல, அது உண்மையிலயே டேப்புல கசியிறதா, இல்லாட்டி மைக்குக்குள்ள போன மத்தளமா எண்டு பிரிங்க. வட்டக்களரியில, அந்தக் கூத்து மேடையில, மத்தளம் கூத்துப் பழக்குற அண்ணாவியார்ட கையிலதான் இரிக்கும், அவர்ட மைக் அதக் கேக்காம என்ன செய்யும்? மத்தளத்துட "டக்" எண்ட மேல் சத்தமும் சேந்து கேட்டா மைக். அடித் "தும்" மட்டும் மூடின மாதிரிக் கேட்டா டேப்.

டேப்புல ஏன் அடிச்சத்தம் மட்டும் கசியுது? 80 ஹேர்ட்ஸ் மத்தள அடி 9.5 ஸ்பீட்டுல 1.2 மி.மீ. நீள அலையா எழுதப்படும். வரம்பு 0.3 மி.மீ. நீளமான அலை ட்ராக்குக்குள்ள அடங்கி நிக்காது, வக்கடை இல்லாமலே வரம்புக்கு மேலால பக்கத்து வயலுக்குள்ள பாயும். சல்லரி அப்பிடிப் பாயாது, அதுட அலை வரம்பவிடச் சரியான சின்னன். ஹெட்டுட உயரம் கொஞ்சம் தப்பினாலும் கசிவு கூடும், அப்ப அடிச்சத்தத்தோட மேல் சத்தமும் பாயத் தொடங்கும், அதவெச்சே உயரம் தப்பினதக் கண்டுபிடிக்கலாம்.

ஏற்கனவே அடிச்ச டேப் எண்டா குரல் ட்ராக்குல 120 ஹேர்ட்ஸ்க்குக் கீழ வெட்டி விடுங்க, ஆம்பிளைக் குரல் எண்டா கொஞ்சம் இறக்கி வெட்டுங்க. இனித்தான் அடிக்கப் போறீங்க எண்டா ட்ராக்கப் பிரிக்கிறதுல கவனமா இரிங்க. நான் போடுறது இப்பிடி: 4ல மத்தளம், 3ல சல்லரி, 2ல அண்ணாவியார், 1ல பிற்பாட்டு. ஓரத்து ட்ராக் கொஞ்சம் தட்டுத் தடுமாறும், மத்தளம் அதத் தாங்கும். மத்தளம் கசியிறது சல்லரிக்குள்ளதான், சல்லரியில அடிச்சத்தம் முழுக்க வெட்டிப் போட்டாலும் ஒண்டும் குறையாது. அண்ணாவியாருக்கும் சல்லரிக்கும் நடுவுல அந்தப் பெரிய 0.66 வரம்பு. ஒருக்கா இதப் பிரட்டிப் போட்டு அண்ணாவியார்ட வாயால நல்லா வாங்கிக் கட்டினன், "தம்பி, என்ட பாட்டுக்குள்ள ஏன்டா நீ மத்தளத்தக் கொண்டு வந்து புதைச்ச" எண்டு.

இதுட தம்பிதான் பவுன்ஸ் பண்ணும்போது வாற கீச்சுச் சத்தம். 1, 2, 3ஐச் சேத்து 4க்குள்ள அடிக்கிற நேரம் "ஈஈஈ" எண்டு கத்தும். ஒரே ஹெட் கட்டைக்குள்ள 3 வாசிக்குது, ஒட்டினாப்போல 4 எழுதுது, எழுதுறது வாசிக்கிறதுக்குள்ள பாஞ்சு சுத்திச் சுத்தி வருது. இது மேல் ஃபிரீகுவன்சியில வாற வியாதி, மத்தளக் கசிவுக்கு நேர் எதிர். நடுவுல ஒரு ட்ராக் விட்டுப் பவுன்ஸ் பண்ணுங்க, ஏலாட்டி 3ட ட்ரெபிளக் குறைச்சு லெவலையும் இறக்குங்க. மியூசிக் குறூப்காரர் கீபோர்டு ஓட்டுறதுக்கு 4ல டைம்கோட் எண்ட நேர அடையாளச் சத்தம் அடிச்ச டேப் வந்தா, 3ல கறக் கறக் எண்டு கேக்கும், அதுவும் பக்கத்து வீட்டுத் தொல்லைதான்.

"தனித்தனியா நல்லா இரிக்கு, சேத்தா குகைக்குள்ள இருந்து வருது"

ஒரே மத்தளத்துக்கு ரெண்டு மைக் வெச்சி 1லயும் 4லயும் அடிச்சிரிப்பாங்க. 1க்கும் 4க்கும் நடு நடு தூரம் 3 மி.மீ. ஹெட் கால் பாகை சாய்ஞ்சாலே ரெண்டு ட்ராக்கும் 13 மைக்ரோன் முன்பின் ஆகிரும், 9.5 ஸ்பீட்டுல 10 கிலோஹேர்ட்ஸ் அலைட முழு நீளமே 9.5 மைக்ரோன்தான். ஒவ்வொரு ட்ராக்கும் தனியக் கேட்டா பழுது தெரியாது, சேத்தாத்தான் ஒண்ட ஒண்டு தின்னும். அசிமத்த இப்ப 1ஐயும் 4ஐயும் மோனோவாச் சேத்து வெச்சிக்கிட்டுத் திருத்துங்க, தனிக் காதுக்குப் பிடிபடாத சின்னச் சாய்வும் அதுல பிடிபடும். அப்பவும் ஆடிக்கொண்டே இருந்தா டேப் வளைஞ்சு வளைஞ்சு ஓடுது, கசட்டுக் கூட்ட மாத்திப் பாருங்க, நல்ல அஞ்சு ஸ்குரூக் கூட்டுக்குள்ள டேப்ப மாத்தினா அநேகமா அடங்கும்.

"ஒரு பக்கம் விட்டு விட்டு வருது"

டிரொப்அவுட். 0.3 மி.மீ. தூசு ஒண்டு 2 மி.மீ. ட்ராக்குல இருந்தா ஏழுல ஒரு பங்குதான் மறையும், காது பிடிக்காது. 0.6ல அது சரிபாதி. ஓரத்து ட்ராக் எண்டா டேப் விளிம்பு மடிஞ்சிருக்கும், ரோலர் தின்னிருக்கும். மடிஞ்ச விளிம்ப நகத்தால நீவாதீங்க. கடைசி வரைக்கும் ஒருக்கா ஓட விட்டுப் பின்னுக்கு ஒருக்கா ஓட விட்டு, மறுகா எடுங்க. ரெண்டு மூண்டு தரம் எடுத்தா ஒவ்வொரு தரமும் வேற இடத்துல விழும், நல்ல துண்டுகளப் பொறுக்கி ஒட்டலாம், இந்த வழியால நான் ஒரு முழுக் கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாட்டக் காப்பாத்தியிரிக்கன்.

"மத்தளம் அடிக்கிற நேரமெல்லாம் ஹிஸ் மூச்சு விடுது"

டிபிஎக்ஸ். அடிக்கும்போது சத்தத்தப் பாதியா நசுக்கும், வாசிக்கும்போது ரெட்டிப்பா விரிக்கும். நல்ல விசயம், ஹிஸ் பாதாளத்துக்குப் போயிரும். ஆனா வழியில வந்த பிழையையும் சேத்து ரெட்டிப்பாக்கும், ஊத்தையால 3 டெசிபெல் போனா உங்களுக்கு 6 போயிரிக்கும். அதனால டிபிஎக்ஸ் பழுது எண்டு போர்டக் கழட்ட முந்தி ஹெட்டத் துடைங்க, அசிமத்தப் பாருங்க. மத்தளம் மட்டும் தனிய இரிக்கிற ட்ராக்குல மூச்சு கேக்கத்தான் செய்யும், தும் எண்ட சத்தம் மேல இரிக்கிற ஹிஸ்ஸ மறைக்காது, மற்ற ட்ராக்கோட சேத்தா சல்லரி மறைச்சிரும். முழுப் பாட்டும் நெரிபட்டு, மெல்லின இடமெல்லாம் கத்துதா, அப்ப டிபிஎக்ஸ் போட்டு அடிச்சத டிபிஎக்ஸ் இல்லாம வாசிக்கிறீங்க. டொல்பி வேற சாதி, அதுக்கு லெவல் சரியா இரிக்கணும், லெவல் தப்பினா ட்ரெபிள் கூடியும் குறைஞ்சும் ஆடும்.

மற்றதுகள்

பாட்டு தொடங்க முந்தியே மெல்லமா அதே பாட்டு கேட்டா பிரிண்ட் த்ரூ, சுத்தி வெச்ச டேப்புல ஒரு சுத்து மற்றச் சுத்துல பதிஞ்சிரிக்கு. சி-120 (ரெண்டு பக்கமும் சேத்து 120 நிமிசம்) மாதிரி மெல்லிய டேப்புல இது கூடுதலா வரும். சி-60 வாங்குங்க, 9.5ல 15 நிமிசம்தான் வரும், விடிய விடியக் கூத்துக்கு எத்தின கசட் மாத்தணும் எண்டு நீங்களே கணக்குப் பாருங்க, அதனாலதான் முந்தின ஆக்கள் 4.76ல அடிச்சது, நான் அவங்களக் குறை சொல்லல்ல.

புதுப் பாட்டுக்கு அடியில பழைய பாட்டு கேட்டா, முந்தி வேற மெசினுல அடிச்ச டேப். அந்த ட்ராக் இருந்த இடமும் உங்கட இரேஸ் ஹெட் அழிக்கிற இடமும் சரியா ஒண்டுக்கு மேல ஒண்டு விழல்ல, விளிம்புல ஒரு கீறு மிஞ்சி நிக்குது. பாவிச்ச டேப்புல அடிக்காதீங்க.

சவூதியில இருந்து கொண்டு வந்த பழைய ஸ்பூல் மெசினுல எல்லாரும் கும்பகர்ணன் மாதிரிப் பாடினா மெசின் பழுதில்ல. அங்க கரண்ட் 60 ஹேர்ட்ஸ், இங்க 50, மோட்டர் கரண்டப் பாத்து ஓடுற வகை எண்டா ஆறுல அஞ்சு பங்கு ஸ்பீட்டுலதான் ஓடும், சுருதி மூண்டு அரைச்சுரத்துக்குக் கிட்ட இறங்கும். 50க்கு மாத்துற சுவிட்ச் அல்லது மோட்டர்ப் புல்லி (சக்கரம்) இரிக்கா எண்டு தேடுங்க, இல்லாட்டிக் கொம்பியூட்டருக்குள்ள 1.2 மடங்காக்குங்க. கசட் மெசினுக்கு அநேகமா இந்த வியாதி இல்ல.

ஸ்பூல் டேப் ஓடும்போது கீச்செண்டு கத்தி ஹெட்டுல மண்ணிறப் பசை பிடிச்சா உடன நிப்பாட்டுங்க, ஓட விட்டா பாட்டு ஹெட்டுலதான் மிஞ்சும். சில வகை டேப்புட பசை ஈரம் குடிச்சு இளகின வியாதி அது, 50 பாகைச் சூட்டுல மணிக்கணக்கா ஒரே அளவாக் காய வெச்சாக் கொஞ்ச நாளைக்கு நல்லா ஓடும், ஆனா அது எல்லா டேப்புக்கும் இல்ல, பழைய அசிற்றேட் டேப்பச் சூடாக்கினா சுருண்டு போயிரும், வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பாத்தா அசிற்றேட் ஊடு தெரியும்.

மாரியில எங்கட பக்கம் அலுமாரிக்குள்ள பூஞ்சணம் பிடிக்காத சாமான் இல்ல. கசட் ஜன்னலால வெள்ளைப் பொடி தெரிஞ்சா மெசினுக்குள்ள போடாதீங்க, ஒரு கசட்டுல இருந்து மெசினுக்கும் மெசினுல இருந்து மற்றக் கசட்டுக்கும் போகும், மாஸ்க் போடாம ஊதவும் வேணாம். அந்த டின்ன மற்றதுகளோட வைக்காமத் தனிய ஒதுக்கி, முத்தத்து வெயில்ல இல்லாம காத்தோட்டமான நிழல்ல விரிச்சு வைங்க. மாமா ஈரம் பிடிக்காம இரிக்கட்டும் எண்டு பிஸ்கட் டின்னுக்குள்ள ரெண்டு சுண்டு பச்சரிசி போட்டு வெச்சிருந்தார், ஈரம் பிடிச்சுதோ தெரியா, அரிசி மா பறந்து ஒவ்வொரு கசட்டுக்குள்ளயும் போயிரிக்கு, நான் ஒவ்வொரு கூட்டையும் கழட்டித் துடைச்சு முடிக்க மாசி மாசமும் போயிற்று.